பிறந்த நாளா, பெயர்த்தெறியும் நாளா?



பிறந்த நாள் என்றதும் என்ன நினைவுக்கு வருகிறது? புத்தாடை வரும், பாயசம் வரும், பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் வருவர். அன்றாடம் கூலி வாங்கிப் பிழைக்கும் தோழன்கூட அன்று மாலை கால் கிலோ இனிப்பையாவது காகிதத்தில் கட்டி எடுத்துக்கொண்டுதான் வீடு திரும்புவான். பிள்ளை ஓர் ஆண்டு வளர்ந்துவிட்டான் என்ற பூரிப்பு!

ஆனால், பிறந்த நாள் வருகிறதே என்று நடுங்கும் பிள்ளைகளும் இந்நாட்டில் உண்டு. இன்னும் ஆறு மாதம், இன்னும் மூன்று மாதம், இன்னும் பத்தே நாள் என்று, தூக்குத் தண்டனை பெற்றவன் நாளெண்ணுவதுபோல எண்ணும் பிள்ளைகள்! அவர்கள் குற்றம் செய்தவர்கள் அல்லர். தாயையோ தகப்பனையோ இருவரையுமோ பறிகொடுத்தவர்கள். அல்லது தாயும் தகப்பனும் இருந்தும் இல்லாதவர்கள். குழந்தைகள் இல்லங்களில் வளர்கின்றனர். பதினெட்டு நிறைந்த அன்று சட்டம் அவர்களைப் பார்த்துச் சொல்கிறது: "நீ இனிக் குழந்தை அல்ல!" குழந்தை அல்லாதவனுக்குக் குழந்தைகள் இல்லத்தில் என்ன வேலை? பையைக் கையில் கொடுத்து வாயிலைக் காட்டுகிறார்கள்.

சென்ற நவம்பரில் எங்கள் ஊர்ப் படிப்பகத்துத் திண்ணையில் ஒரு பிள்ளை உட்கார்ந்திருந்தான். காலையில் ஏடு படிக்க வந்தவர்கள் போய்விட்டார்கள், அவன் போகவில்லை. மாலையில் நான் திரும்பி வந்தபோதும் அங்கேயே இருந்தான். காலடியில் ஒரு துணிப்பை.

"எந்த ஊர் தம்பி?"

"ஊருன்னு எதைச் சொல்லறதுங்கண்ணே?"

"வயசு?"

"பதினெட்டு முடிஞ்சு நாலு நாள் ஆச்சுங்கண்ணே."

மெல்ல மெல்லத்தான் வந்தது கதை. செங்கல் சூளையில் தாயோடு மண் குழைத்துக்கொண்டிருந்தவன். தாய் இறந்தாள். பதின்மூன்று வயது முடிந்த பிறகு ஓர் இல்லத்தில் சேர்த்தார்கள். வயதைப் பார்த்து ஏழாம் வகுப்பில் உட்கார வைத்தார்கள்; எழுத்தைக் கூட்டிப் படிக்கத் தெரிகிறதா என்று பார்த்தவர் இல்லை. முட்டி மோதிப் பத்தாம் வகுப்பு வரை வந்துவிட்டான். தேர்வில் கணக்கும் அறிவியலும் போயின. துணைத்தேர்வில் அறிவியலைப் பிடித்துவிட்டான். கணக்கு மட்டும் பாக்கி. அடுத்த பொதுத்தேர்வு மார்ச்சில். பிறந்த நாளோ நவம்பரில்! நடுவே இருக்கும் மாதங்களில் எங்கே படுப்பது, எதை உண்பது, எந்த விளக்கடியில் உட்கார்ந்து கணக்குப் போடுவது? இந்தக் கணக்கை அவனுக்கு எந்த வாத்தியாரும் சொல்லிக்கொடுக்கவில்லை.

சில இல்லங்களில் தேர்வு முடியும்வரை கண்டும் காணாமல் வைத்துக்கொள்கிறார்கள். நல்ல மனம் படைத்தவர்கள்; வாழ்க அவர்கள்! ஆனால் ஒரு பிள்ளையின் எதிர்காலம் ஒரு கண்காணிப்பாளரின் இரக்கத்திலா தொங்கவேண்டும்? இரக்கம் இன்றைக்கு இருக்கும்; மாற்றல் உத்தரவு வந்தால் அவரோடு சேர்ந்து அதுவும் ரயிலேறிவிடும்.

இந்தப் பதினெட்டு எங்கிருந்து வந்தது? பெற்றவள் இல்லாத பிள்ளைக்குப் பிறந்த தேதி யார் சொல்வது? 2015-ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம், 94-ஆம் பிரிவு, வழி சொல்கிறது. முதலில் பள்ளிச் சான்று அல்லது தேர்வு வாரியச் சான்று. அது இல்லையேல் நகராட்சியோ ஊராட்சியோ தந்த பிறப்புச் சான்று. அதுவும் இல்லையேல் மருத்துவச் சோதனை. எலும்பைப் படம் பிடித்து, வளர்ச்சியைப் பார்த்து, வயதைக் கணிக்கிறார்கள். அந்தக் கணிப்பில் இரண்டாண்டு முன்பின் இருக்கலாம் என்று நீதிமன்றங்களே பலமுறை ஒப்புக்கொண்டிருக்கின்றன. இரண்டாண்டு தவறலாம் என்கிற ஒரு கணக்கை வைத்துக்கொண்டு, இரண்டு நாள்கூடப் பொறுக்கமாட்டேன் என்று வாயிலைச் சாத்துவது என்ன முறை? பிறந்த தேதி தோராயம். வெளியேற்றும் தேதி மட்டும் துல்லியம்!

"சட்டம் என்றால் ஓர் எல்லைக்கோடு வேண்டாமா?" என்று படித்த பெரியவர்கள் கேட்பார்கள். வேண்டும். கோடு வேண்டாம் என்று யார் சொன்னது? ஆனால் அந்தக் கோடு வானத்திலிருந்து விழுந்ததா? மனிதர் கிழித்த கோடுதானே! 1986-ஆம் ஆண்டுச் சட்டத்தில் ஆண்பிள்ளைக்கு 16, பெண்பிள்ளைக்கு 18 என்று கிழித்தார்கள். 2000-ஆம் ஆண்டில் இருவருக்கும் 18 என்று திருத்தினார்கள். அடித்துக் கிழித்த கோட்டை இன்னொரு முறை தொட்டால் கை சுட்டுவிடுமா?

இன்னொன்றும் கேளுங்கள். இது என் மனத்தில் பல நாளாகக் குத்திக்கொண்டிருக்கும் முள்.

1875-ஆம் ஆண்டு இந்திய வயதுநிறைவுச் சட்டம் என்று ஒன்று இயற்றினார்கள். எல்லாருக்கும் 18 வயதில் வயது நிறைகிறது என்றார்கள். எல்லாருக்குமா? இல்லை! ஒரு விலக்கு வைத்தார்கள். நீதிமன்றம் காப்பாளரை நியமித்த சிறுவனுக்கும், எவன் சொத்தை வார்டு நீதிமன்றம் ஏற்று நடத்துகிறதோ அவனுக்கும், 21 வயதில்தான் வயது நிறையும்! யார் இந்தச் சிறுவர்கள்? தகப்பனை இழந்த ஜமீன் வாரிசுகள். பண்ணை, பங்களா, தோப்பு, துரவு உடையவர்கள். அவர்களும் அநாதைகள்தான். ஆனால் சொத்துள்ள அநாதைகள். "பதினெட்டு வயதுப் பாலகன், பாவம், உலகம் அறியாதவன், கையில் சொத்தைக் கொடுத்தால் கண்டவன் ஏமாற்றிவிடுவான், இன்னும் மூன்றாண்டு நாம் காப்போம்" என்று கனிந்தது அரசாங்கத்தின் நெஞ்சம். 1999-இல் திருத்தம் வரும்வரை, நூற்றிருபது ஆண்டுகளுக்கும் மேலாக, ஏட்டில் இருந்தது அந்த விதி.

நிலம் உள்ள அநாதைக்கு இருபத்தொன்று. நிலமற்ற அநாதைக்குப் பதினெட்டு! சொத்தைக் காப்பதற்கு மூன்றாண்டு கூடுதலாக விழித்திருந்த சட்டம், சோற்றுக்கு வழியற்ற பிள்ளையைக் காப்பதற்கு மட்டும் குறித்த நாளில் கொட்டாவி விட்டுப் படுத்துக்கொண்டது.

திருமணத்திற்கு வருவோம். ஆணுக்குத் திருமண வயது 21. அதற்கு முன் ஒருவன் குடும்பம் நடத்தும் பக்குவம் பெறமாட்டான் என்கிறது சட்டம். சரி, ஒப்புக்கொள்கிறோம். துணைக்கு ஒருத்தி இருந்தும் குடும்பம் நடத்தப் பக்குவம் போதாதவனுக்கு, துணைக்கு ஒருவரும் இல்லாமல் தனியே வாழும் பக்குவம் மட்டும் பதினெட்டில் எப்படி முளைத்துவிடும்?

இவ்வளவு சொல்கிறீரே, சட்டத்தில் ஒன்றுமே இல்லையா என்றால், இருக்கிறது. மறைக்க மாட்டேன். 'பிற்காப்பு' என்று அதற்குப் பெயர். இல்லத்தை விட்டு வெளியேறியவர்களுக்கு 18 முதல் 21 வயது வரை பணமாகவோ வேறு வகையிலோ உதவுவது பிற்காப்பு என்று 2015-ஆம் ஆண்டுச் சட்டம் இலக்கணம் வகுக்கிறது. 2016-ஆம் ஆண்டு மாதிரி விதிகள் இன்னும் விரிவாகப் பேசுகின்றன. ஆறு முதல் எட்டுப் பேர் சேர்ந்து தங்கத் தற்காலிக வீடு. தொழிற்பயிற்சிக் காலத்தில் உதவித்தொகை. மேற்படிப்புக்குப் பண உதவி. அறிவுரை கூற ஓர் ஆலோசகர். தொழில் தொடங்கக் கடனுக்கு ஏற்பாடு. தனிச் சூழ்நிலை இருந்தால் 21-க்குப் பிறகும் இரண்டாண்டு, அதாவது 23 வரை! படிக்கப் படிக்க நெஞ்சு குளிர்கிறது. தாய் எழுதிய விதியோ என்று தோன்றுகிறது.

ஆனால் 46-ஆம் பிரிவைப் புரட்டுங்கள். 18 வயது நிறைந்து வெளியேறும் பிள்ளைக்குப் பண உதவி "அளிக்கப்படலாம்" என்று இருக்கிறது. அளிக்கப்படவேண்டும் அல்ல, அளிக்கப்படலாம்! தோழர்களே, 'லாம்' என்ற இரண்டெழுத்துக்கும் 'வேண்டும்' என்ற சொல்லுக்கும் இடையே எத்தனை பிள்ளைகள் விழுந்து கிடக்கிறார்கள் தெரியுமா? வரி கட்டலாம் என்று நமக்கு யாராவது எழுதினார்களா? அபராதம் செலுத்தலாம் என்று எப்போதாவது தாள் வந்ததுண்டா? வாங்கும்போது 'வேண்டும்'; கொடுக்கும்போது 'லாம்'!

கொடுத்தால் எவ்வளவு? 2022-இல் வெளியான 'மிஷன் வத்சல்யா' நெறிமுறைகளின்படி மாதம் 4,000 ரூபாய். (பெயரைச் சொல்லி விண்ணப்பம் கேட்பதற்குள் நம் தோழனுக்கு நாக்கு சுளுக்கிக்கொள்ளும், அது கிடக்கட்டும்.) அறுபது பங்கு ஒன்றிய அரசு, நாற்பது பங்கு மாநில அரசு. நாளொன்றுக்கு நூற்று முப்பத்து மூன்று ரூபாய். மூன்று வேளைச் சோறு, தலைக்கு மேல் ஒரு கூரை, பேருந்துக் கட்டணம், நோட்டு, பேனா, நோய் வந்தால் மாத்திரை எல்லாம் அதற்குள்! நீங்களே கணக்குப் பார்த்துக்கொள்ளுங்கள். கணக்கில் தேறாத அந்தப் பிள்ளைக்கே இந்தக் கணக்கு உடனே புரிந்துவிட்டது.

அரசுக்கு உண்மை தெரியாது என்று நினைக்காதீர்கள். நன்றாகவே தெரியும். 2021-இல், கொரோனாவில் பெற்றோர் இருவரையும் இழந்த குழந்தைகளுக்கென்று ஒன்றிய அரசு ஒரு திட்டம் அறிவித்தது. 18 வயதாகும்போது அவர்கள் பேரில் 10 இலட்சம் ரூபாய் இருக்கும்படி செய்வது. 18 முதல் ஐந்தாண்டுக்கு அதிலிருந்து மாதந்தோறும் உதவித்தொகை. 23 வயதில் முழுத் தொகையும் கையில். நல்ல திட்டம், குறை சொல்ல மாட்டேன். பதினெட்டிலிருந்து இருபத்து மூன்றுவரை ஒரு பிள்ளைக்குப் பிடிமானம் தேவை என்பதை எழுத்தில் ஒப்புக்கொண்ட திட்டம் அல்லவா அது! நான் கேட்பது ஒன்றுதான். 2021-இல் கொரோனாவில் தாய் தந்தையை இழந்தவனுக்கு உள்ள பசி, 2019-இல் லாரி மோதித் தாய் தந்தையை இழந்தவனுக்கு இராதா? காசநோயில் போனவளின் மகனுக்குக் கண்ணீர் வேறு நிறமா?

தமிழ்நாட்டில் 2025 செப்டம்பர் 15 அன்று 'அன்புக் கரங்கள்' திட்டம் தொடங்கப்பட்டது. பெற்றோரை இழந்து உறவினரிடம் வளரும் குழந்தைகளுக்கு, பள்ளிப் படிப்பு முடியும்வரை, 18 வயது வரை, மாதம் 2,000 ரூபாய் என்று அறிவித்தார்கள். பாட்டி வீட்டில் வளரும் பேரனை இல்லத்திற்கு அனுப்பாமல் காப்பாற்றும் வழி அது, பாராட்டத்தான் வேண்டும். ஆனால் அங்கும் மாத உதவி அந்தப் பதினெட்டிலே வந்துதான் நிற்கிறது.

இனி, கடல் கடந்து ஒரு பார்வை. அமெரிக்கா என்றதும் அணுகுண்டும் ஆகாயத்தைத் தொடும் மாடிகளும்தான் நமக்கு நினைவு வரும். அங்கும் அநாதைகள் உண்டு. அவர்களைப் பெரும்பாலும் வளர்ப்புக் குடும்பங்களில் விட்டு, அந்தக் குடும்பத்திற்கு அரசு பணம் தருகிறது. அங்கும் 18-இல் வெளியே தள்ளினார்கள். தள்ளப்பட்டவர்கள் வீதியிலும் சிறையிலும் முளைத்தார்கள். ஆராய்ந்தார்கள். 21 வரை வைத்துக்கொண்ட இல்லினாய் மாநிலத்துப் பிள்ளைகளையும், 18-இல் அனுப்பிவிடும் வழக்கமுள்ள ஐயோவா, விஸ்கான்சின் மாநிலங்களின் பிள்ளைகளையும் பல ஆண்டு தொடர்ந்து கவனித்துச் சிகாகோ பல்கலைக்கழகத்து அறிஞர்கள் ஒப்பிட்டார்கள். இருக்கவிட்ட இடத்துப் பிள்ளைகள்தாம் கல்லூரி வாயிலை அதிகம் மிதித்திருந்தார்கள். 2008 அக்டோபரில் சட்டம் வந்தது. விரும்பும் மாநிலம் 21 வரை காப்பை நீட்டிக்கலாம், கூட்டரசு பங்கு தரும் என்று. கலிபோர்னியா 2010-இல் சட்டம் இயற்றி 2012 சனவரி முதல் நடைமுறைக்குக் கொண்டுவந்தது.

அந்தச் சட்டத்தில் நாம் கவனிக்கவேண்டியது அது வைத்திருக்கும் வாயில்கள். ஐந்து வாயில்! பள்ளியில் படிக்கிறாயா, அல்லது பள்ளிக்கு இணையான சான்றுக்குப் படிக்கிறாயா? வா, இரு. கல்லூரியிலோ தொழிற்கல்வியிலோ சேர்ந்திருக்கிறாயா? இரு. வேலைக்கு ஆயத்தம் செய்யும் பயிற்சியில் இருக்கிறாயா? இரு. மாதம் 80 மணி நேரமாவது வேலை பார்க்கிறாயா? இரு. உடல்நலக் குறையால் இவற்றில் எதையும் செய்ய இயலவில்லையா? அப்போதும் இரு! பள்ளிக்கு இணையான சான்று என்றேனே, அதற்கு அங்கே 'ஜி.இ.டி.' என்றொரு தேர்வு இருக்கிறது. 1942-இல், படிப்பைப் பாதியில் விட்டுப் போருக்குப் போன சிப்பாய்களுக்காக உண்டாக்கியது. போர்முனையிலிருந்து வந்தவனுக்கு ஒரு மாற்றுவழி வேண்டும் என்று ஒப்புக்கொண்டார்கள்; அதே வழியைப் பிற்பாடு வாழ்க்கைப் போரில் அடிபட்டவனுக்கும் திறந்துவிட்டார்கள்.

அமெரிக்காவை ஆகா ஊகூ என்று புகழ நான் வரவில்லை. அங்கும் ஓட்டை உண்டு. 1996-இல் ஒழித்துக்கட்டிய ஒரு பழைய உதவித் திட்டத்தின் வருமான வரம்பை வைத்துக்கொண்டுதான் எந்தப் பிள்ளைக்குக் கூட்டரசின் பங்கு உண்டு என்று இன்னும் கணக்கிடுகிறார்கள். செத்தவன் கையெழுத்தில் சம்பளம் வாங்குவதுபோல! ஆயினும் அந்த ஐந்து வாயில் என்ற எண்ணம் நல்ல எண்ணம். இங்கிலாந்திலும் 2014-ஆம் ஆண்டுச் சட்டப்படி, வளர்ப்புக் குடும்பமும் பிள்ளையும் விரும்பினால் 21 வரை அதே வீட்டில் இருக்க வழி செய்தார்கள்.

நம் நாட்டில் அத்தகைய மாற்றுவழிகள் இல்லையா? இருக்கின்றன, ஏராளமாக. இருப்பது தெரியாமல்தான் பிள்ளைகள் திண்ணையில் உட்கார்ந்திருக்கிறார்கள். ஆகவே கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். படிப்பகத்தில் உரக்கப் படியுங்கள்.

எட்டாவது தேறியவனுக்கு அரசு ஐ.டி.ஐ.யில் வெல்டர், ஒயர்மேன் போன்ற பிரிவுகள் உண்டு. 14 வயது நிறைந்தால் போதும். அரசு நிலையத்தில் படிப்பவருக்கு மாதம் 750 ரூபாய் உதவித்தொகையும் உண்டு. எட்டாவது முடித்து இரண்டாண்டு ஐ.டி.ஐ. தேறியவன், தமிழ், ஆங்கிலம் இரண்டு மொழித் தாள்களையும் எழுதித் தேறினால் பத்தாவதுக்கு இணையான சான்று பெற முடியும். பத்தாவது முடித்து ஐ.டி.ஐ. தேறியவன் பாலிடெக்னிக்கில் நேரே இரண்டாம் ஆண்டில் சேரலாம். பத்தாவதையே பள்ளிக்குப் போகாமல் தனித்தேர்வராக எழுதலாம். பதினாலரை வயது நிறைந்திருக்கவேண்டும், அவ்வளவுதான். 1989-இல் தேசியத் திறந்தநிலைப் பள்ளி என்று தொடங்கி, 2002-இல் பெயர் மாறிய 'என்.ஐ.ஓ.எஸ்.' இருக்கிறது. ஐந்து பாடம், ஐந்து ஆண்டு அவகாசம், ஒன்பது வாய்ப்பு. கணக்கு வரவே வரவில்லையா, வேறு பாடம் எடுத்துக்கொள்ளலாம். ஏற்கெனவே வேறு வாரியத்தில் தேறிய பாடங்களில் இரண்டுவரை அப்படியே சேர்த்துக்கொள்ளவும் முடியும். தொழில் பழகுநர் சட்டம் 1961-இலேயே வந்தது; தொழிற்சாலையில் கை பழகிக்கொண்டே உதவித்தொகை வாங்கும் வழி. ஆலைத் தோழர்களுக்கு நான் சொல்லித் தெரியவேண்டியதில்லை.

அந்தத் திண்ணைப் பிள்ளையிடம் இவற்றைச் சொன்னபோது அவன் என்ன கேட்டான் தெரியுமா? "இதையெல்லாம் ஏண்ணே இத்தனை நாளா யாரும் சொல்லல?"

பதில் சொல்ல முடியாமல் டீ வாங்கிவரப் போனேன்.

எச்சரிக்கையும் ஒன்று உண்டு. குறுக்குவழி என்று பல்லிளிக்கும் கடைகள் நிறைய. பத்தாவதும் வேண்டாம், பன்னிரண்டாவதும் வேண்டாம், நேரே பட்டம் என்று பணம் பறிப்பார்கள். பத்தும் பன்னிரண்டும் முறையாக முடிக்காமல் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் நேரே வாங்கிய பட்டம் தமிழ்நாடு அரசு வேலைக்குச் செல்லாது என்று 2009-இலேயே அரசாணை வந்துவிட்டது. கூரைவீட்டை அடகு வைத்துப் பட்டம் வாங்கிய எத்தனையோ பேர் அன்று அழுதார்கள். பிறகு, அஞ்சல்வழியில் ஒரு பட்டம் வாங்கலாம் என்ற என் ஆசையும் அப்படியே அடங்கியது. நானும் பள்ளியோடு நின்றவன்தான். ஆனால் எனக்குச் சோறு போட ஒரு தாய் இருந்தாள்.

மாற்றுவழியில் போகிறவனுக்கு இன்னொரு அடியும் விழுகிறது. அரசுப் பள்ளி மாணவர்க்கு மருத்துவப் படிப்பில் 7.5 விழுக்காடு ஒதுக்கீடு 2020-இல் வந்தது. பொறியியல் முதலிய தொழிற்படிப்புகளுக்கு 2021-இல் வந்தது. ஏழைப் பிள்ளைகளைக் கைதூக்கிவிட்ட ஏற்பாடு, மறுப்பவன் மனச்சாட்சியற்றவன். ஆனால் ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டாம் வகுப்புவரை அரசுப் பள்ளியில் படித்திருக்கவேண்டும் என்பது அதன் விதி. சூளையிலிருந்து பதின்மூன்று வயதில் வந்தவன் ஆறாம் வகுப்பை எந்தப் பள்ளியில் படித்தான்? இடையில் அறுந்து திறந்தநிலைப் பள்ளியில் முடித்தவன் என்ன ஆவான்? ஏழை என்பதற்கு அடையாளமாகத்தான் அரசுப் பள்ளியை வைத்தார்கள். அந்தப் பள்ளியில்கூட முழுதாகப் படிக்க முடியாத அளவுக்கு ஏழையாக இருப்பவன் அந்த அடையாளத்துக்குள் அடங்கவில்லை. இல்லத்தில் வளர்ந்த பிள்ளைக்கு இந்த விதியில் விலக்கு அளித்தால் குடியா மூழ்கிவிடும்? கேட்கவேண்டிய இடத்தில் கேட்போம். நமக்கு வேண்டியவர்கள் கொண்டுவந்த திட்டம், வேண்டாதவர்கள் கொண்டுவந்த திட்டம் என்று பாகுபாடு பாராமல் கேட்போம்.

வளர்ப்புக் குடும்பம் பற்றி ஒரு சொல். சட்டத்தின் 44-ஆம் பிரிவு அதற்கு இடம் தருகிறது. குழந்தைகள் நலக் குழு உத்தரவிட்டால், தகுதியுள்ள குடும்பம் ஒரு பிள்ளையைத் தன் வீட்டில் வைத்து வளர்க்கலாம். அரசு மாத உதவி தரும். 2024-இல் நெறிமுறைகளைத் திருத்தினார்கள். 35 வயதான தனியாளும் வளர்க்கலாம். பெண்ணாயின் ஆண்பிள்ளை, பெண்பிள்ளை எவரையும். ஆணாயின் ஆண்பிள்ளையை மட்டும். முன்பு ஐந்தாண்டு வளர்த்தால்தான் தத்துக்கு மனுச் செய்யலாம் என்றிருந்தது, இப்போது இரண்டாண்டு. நல்லதே. ஆனால் தத்துக் கேட்டு வருகிறவர்கள் தேடுவது தவழும் குழந்தையை. மீசை அரும்பிய பதினாறு வயதுப் பையனை யார் கேட்கிறார்கள்? "வளர்ந்த பிள்ளை, எப்படி இருப்பானோ?" என்று தயங்குகிறார்கள். சில இடங்களில் "என்ன சாதி?" என்ற கேள்வியும் வாசலில் வந்து நிற்கிறது. குடும்பத்தின் ஆற்றல், எண்ணம், தகுதி, முன் அனுபவம், இவற்றைப் பார் என்கிறது சட்டம். பிள்ளையின் சாதியைப் பார் என்று சொல்லும் வரி அதில் இல்லை.

நம் தோழர்களில் எத்தனையோ பேர் பிள்ளைகள் திருமணமாகிப் போனபின், கணவனும் மனைவியுமாய் வீட்டில் தனித்திருக்கிறீர்கள். பட்டறை வைத்திருக்கிறீர்கள், தறி வைத்திருக்கிறீர்கள், ஆலையில் முப்பதாண்டு உழைத்து ஓய்வு பெற்றிருக்கிறீர்கள். ஒரு பதினாறு வயதுப் பிள்ளைக்கு நீங்கள் கொடுக்கக்கூடியது வெறும் சோறு மட்டுமா? காலையில் எழுப்பிவிட ஒரு குரல். விண்ணப்பத்தில் 'காப்பாளர்' என்ற கட்டத்தில் எழுத ஒரு பெயர். கல்லூரி விடுதியை மே மாதத்தில் பூட்டிவிட்டால் போய்ச் சேர ஒரு வீடு. இந்த மூன்றும் எந்தக் கருவூலத்திலும் கிடைக்காது.

வளர்ப்புக் குடும்பக் காப்பும் பதினெட்டோடு முடிகிறது என்பதை மறக்கவேண்டாம். ஆகவேதான் நாம் கேட்கவேண்டியதை உரத்துக் கேட்கிறோம். 46-ஆம் பிரிவின் 'லாம்' என்பதை 'வேண்டும்' ஆக்குங்கள். படிப்போ பயிற்சியோ தொடங்கிய பிள்ளை அதை முடிக்கும்வரை, இல்லத்தில் இருந்தாலும் குடும்பத்தில் இருந்தாலும், இருக்க விடுங்கள். அந்தப் படிப்பு என்பதில் ஐ.டி.ஐ.யும் தனித்தேர்வும் திறந்தநிலைப் பள்ளியும் பழகுநர் பயிற்சியும் அடங்கும் என்று தெளிவாக எழுதுங்கள். 23 வயது வரை என்பதைத் தனிச் சூழ்நிலைக்கு உரிய சலுகையாக வைக்காதீர்கள். தாய் தகப்பன் இல்லாமையைவிடத் தனிச் சூழ்நிலை வேறு என்ன இருக்கிறது? 1920-இல், இந்தியாவிலேயே முதலாவதாகக் குழந்தைகளுக்கென்று தனிச் சட்டம் இயற்றிய மாகாணம் சென்னை மாகாணம். முதலில் நடந்த கால்களுக்கு இன்னும் நான்கு அடி நடப்பது பெரிதல்ல.

சட்டம் மாறும்வரை கையைக் கட்டிக்கொண்டிருக்க வேண்டியதில்லை. மாவட்டந்தோறும் குழந்தைகள் நலக் குழு இருக்கிறது. ஒரு தலைவர், நான்கு உறுப்பினர். மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகு இருக்கிறது. பிற்காப்பு உத்தரவைப் பிறப்பிக்கும் அதிகாரம் அந்தக் குழுவுக்கு உண்டு. உங்கள் ஊரில் இல்லம் இருந்தால் போங்கள். பதினேழு வயதுப் பிள்ளைகள் எத்தனை பேர் என்று மரியாதையாக விசாரியுங்கள். பிள்ளை வெளியேறு முன்பே மனு எழுத உதவுங்கள். வெளியேறிய பின் தேடுவது, ரயில் போன பிறகு பயணச்சீட்டு வாங்குவது போன்றது. கட்சிக்காரர்கள் கூட்டமாகப் போய் நின்று படம் பிடித்துக்கொள்ள வேண்டாம். பிள்ளைகள் காட்சிப் பொருள் அல்லர். ஒருவர் இருவராகப் போனால் போதும்.

திண்ணைப் பிள்ளை இப்போது எங்கள் படிப்பகத்துப் பின்னறையில் படுக்கிறான். இரவில் மின்விளக்குச் செலவு கூடிவிட்டது என்று பொருளாளர் முணுமுணுத்தார். பிறகு அவரே ஒரு கணக்குப் புத்தகம் வாங்கிவந்து கொடுத்தார். வெல்டர் பயிற்சிக்குச் சேரலாமா, பத்தாவது கணக்கையும் எழுதிவிட்டுச் சேரலாமா என்று அவனுக்குள் இன்னும் ஆட்டம். இரண்டையும் செய் என்றிருக்கிறோம். பிற்காப்புக்கு மனு எழுதியாகிவிட்டது. பள்ளிச் சான்று, இல்லத்தின் கடிதம், ஆதார் நகல் எல்லாம் இணைத்திருக்கிறோம். குழு வியாழக்கிழமை கூடுகிறது. காலை ஏழு மணிப் பேருந்தில் அவனோடு நானும் போகிறேன்.